ஓரகத்தியின் மூன்று உதை

என் இடுப்பில் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் நடுவில் இருக்கிற தட்டு விலகிவிட்டது என்று தஞ்சாவூர் டாக்டர் சொன்னபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை. எங்கள் வீட்டில் யார் யாரோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள், எலும்பு மட்டும் ஒழுங்காக ஒட்டிக்கொண்டிருப்பதற்கு? எனக்கும் என் ஓரகத்திக்கும், அதாவது என் கணவருடைய தம்பி மனைவிக்கும், அப்போது பேச்சு நின்று ஒரு மாசம் ஆகியிருந்தது.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "குனியாதீங்கம்மா. வெயிட் தூக்காதீங்க. பஸ்ல பின் சீட்ல உக்காராதீங்க" என்றார்.

"குனியாம எப்படிங்க சார்? எங்க ஊருல நெல்லு மரத்துல காய்க்கலியே."

அவர் சிரிக்கவில்லை. "இது போற வலி இல்லைம்மா. கூடவே வச்சிக்கிட்டுப் பழகணும்" என்று சொல்லி, ஒரு பெல்ட்டும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். கூடவே வைத்துக்கொண்டு பழகுவதைப் பற்றி எனக்கு அவர் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பது வருஷமாக ஒரு கணவரை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் சொன்ன மூன்றில் பஸ் சீட் விஷயத்தை மட்டும் கேட்டு நடந்தேன். முன் சீட்டில் உட்கார்ந்து வந்தும் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் மாட்டிக்கொண்டது. அங்கே மாட்டியவர்களுக்குத் தெரியும், அது சீக்கிரம் திறக்கிற கேட் இல்லை. உட்கார்ந்தால் வலித்தது, எழுந்து நின்றேன். நின்றால் கால்வரை இழுத்தது, உட்கார்ந்தேன். நான் நாலாவது முறை எழுந்தபோது கண்டக்டர், "அக்கா, நீங்க எறங்கணுமா, எறங்க வேணாமா? ஒரு முடிவுக்கு வாங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. சிரித்தால் எனக்கு இன்னும் வலிக்கும், ஆகையால் நான் முறைத்தேன்.

இந்த வலியை நான் வெளியே சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். ஒருத்தி கொள்ளு ரசம் என்பாள், ஒருத்தி முடக்கத்தான் தோசை என்பாள், கடைசியில் வருகிறவள் "வயசாச்சில்ல" என்பாள். அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் நான் பயந்தேன். வயசாகிவிட்டால் முதல் முடி நடுவது என் கையைவிட்டுப் போய்விடும்.

முடி என்பது நாற்றுக் கட்டு; நடவில் முதலில் பிரிக்கிற கட்டுதான் முதல் முடி. வயலின் வடகிழக்கு மூலையை நாங்கள் சனி மூலை என்போம். நடவு அன்று காலையில் அந்த மூலையில் சாணிப் பிள்ளையார் பிடித்து வைத்து, கற்பூரம் காட்டி, வீட்டின் மூத்த மருமகள் சேற்றில் இறங்கி அந்த முடியைப் பிரித்து நட வேண்டும். பிறகுதான் நடவு ஆட்கள் குலவையிட்டு இறங்குவார்கள். அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்து நடுவில் வரப்புப் போட்டாகிவிட்டது. ஆனால் சனி மூலை ஒன்றுதான். அது எங்கள் பங்கில் இருந்தது. அங்கே என் கை பட்ட பிறகுதான் இரண்டு வீட்டு வயலிலும் நடவு தொடங்கும். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து என் கைதான். நல்ல கை என்று ஊரே சொல்லும். நானும் மறுத்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு குறுவை நடவில், கற்பூரம் அணைந்து நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டிருந்தேன். என் கையிலிருந்த முடியை ஓரகத்தி வெடுக்கென்று வாங்கினாள். சேற்றில் இறங்கினாள். நட்டுவிட்டாள். ஆட்கள் குலவை போட்டார்கள். நான் வரப்பில் நின்றேன், கையில் ஒன்றும் இல்லாமல்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஓரகத்தியிடம் நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அவளும் சளைத்தவள் இல்லை. அதோடு பேச்சு நின்றது. ஒரே வாய்க்காலில் எதிரெதிரே உட்கார்ந்து பாத்திரம் துலக்குவோம், பேச மாட்டோம். என் வீட்டுக் குழம்பு மணம் அவள் வீட்டுக்குப் போகும், அவள் வீட்டு மிக்ஸி சத்தம் என் வீட்டுக்கு வரும். அவ்வளவுதான் போக்குவரத்து.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நடவுக்கும் முதல் நாளே மாத்திரை போட்டுக்கொண்டு, புடவைக்கு உள்ளே பெல்ட்டைக் கட்டிக்கொண்டு போய் நட்டேன். "ஏன் ஒரு மாதிரி நடக்குற?" என்று கணவர் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பேன். அவரும் அத்தோடு விட்டுவிடுவார். விடுவதில் அவர் கெட்டிக்காரர்.

இந்த வருஷக் குறுவைக்கு ஆற்றில் தண்ணீர் வந்து, உழவு முடிந்து, நடவும் வந்தது. பிள்ளையாரைக் கும்பிட்டேன், முடியை எடுத்தேன், இறங்கினேன், குனிந்தேன். முதல் குத்து வைத்தேன். இரண்டாவது வைத்தேன். மூன்றாவதை வைக்கும்போது இடுப்பில் யாரோ கொக்கி போட்டு இழுத்த மாதிரி ஒன்று பிடித்தது. நிமிரப் பார்த்தேன். முடியவில்லை.

பக்கத்து வரப்பில் ஓரகத்தி நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்க்க, நான் "ஐயோ" என்று சொல்வதா? வலியில் ஒரு பக்கம் உயிர் போகிறது, வீம்பு இன்னொரு பக்கம் உயிரோடு இருக்கிறது. வேறு வழி தெரியாமல் குனிந்தபடியே நட ஆரம்பித்தேன்.

மூன்று குத்து வைத்துவிட்டுக் கரையேற வேண்டிய மூத்த மருமகள், கையிலிருந்த முடியை நட்டு முடித்தாள். பக்கத்தில் கிடந்த இன்னொரு முடியை எட்டி எடுத்தாள். நடவு என்பது பின்னால் நகர்ந்துகொண்டே நடுவது. நானும் பின்னால் நகர்ந்துகொண்டே நட்டேன். ஆட்கள் திகைத்துப் போய், குலவையைப் பாதியில் விட்டுவிட்டு அவசரமாக இறங்கி என்னோடு வரிசை பிடித்தார்கள்.

"அக்காவுக்கு இன்னிக்கு என்ன வேகம் பாத்தியா!" என்றாள் ஒருத்தி.

"நாம பேசிப் பேசி நடுறோம்னு குத்திக் காட்டுறாங்கடி. வாயை மூடிட்டு நடு" என்றாள் இன்னொருத்தி.

வரப்பிலிருந்து என் கணவர், "போதும் வா, மேல ஏறு" என்று கூப்பிட்டார். நான் தலையை ஆட்டினேன். எனக்கு ஆட்ட முடிந்தது அது ஒன்றுதான். அவர் பெருமையாகப் பக்கத்திலிருந்தவரிடம், "அவளுக்கு வேலைன்னு வந்துட்டா நம்ம பேச்சே காதுல ஏறாது" என்று சொன்னது கேட்டது.

இப்படியே எவ்வளவு நேரம் போனதோ, என் பின்னங்கால் மண்ணில் முட்டியது. வரப்பு வந்துவிட்டது. எல்லாரும் "அப்பாடா" என்று நிமிர்ந்தார்கள். நான் மட்டும் நிமிரவில்லை.

நடவு ஆட்களைக் கூட்டி வருகிற பெரியம்மா என் பக்கத்தில் வந்து, குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "பிடிச்சிக்கிச்சு" என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. "இதுக்கு மருந்து மாத்திரை எல்லாம் ஆகாது. கால் முன்னால பொறந்தவங்க யாராச்சும் முதுகுல உதைச்சாத்தான் விடும். மூணு நாளு, வெறும் வயித்துல, நாளைக்கு ஒரு உதை. உதைக்கும்போது ரெண்டு பேரும் பேசக் கூடாது."

பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்தவர்கள் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்? எங்கள் ஊரில் ஒரே ஆள்தான். எல்லாத் தலையும் பக்கத்து வரப்பைத் திரும்பிப் பார்த்தது. குனிந்திருந்த எனக்கு ஓரகத்தியின் பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. பிறகு திரும்பி வீட்டைப் பார்த்துப் போய்விட்டன.

நானும் வீட்டுக்குப் போனேன், வரப்பில், குனிந்தபடியே. எதிரே வந்த ஒருவர், "என்னக்கா, தோடு விழுந்துடுச்சா?" என்று தானும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

சாயங்காலம் என் கணவர் தம்பி வீட்டுக்குத் தூது போனார். "நான் செத்தாலும் அவ கால் என் மேல படக் கூடாது" என்று நான் படுக்கையிலிருந்து கத்தியதைக் காதில் வாங்காமல் போனார். போய்விட்டு வந்து, "வராளாம்" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வராமல் இருப்பாளா? மூன்று வருஷமாகக் காத்திருக்கிற உதை அல்லவா, ஊரே கூடி அனுமதி கொடுத்த பிறகு விடுவாளா?

மறுநாள் விடியற்காலை வந்தாள். காலைக் கழுவி மஞ்சள் பூசிக்கொண்டு வந்திருந்தாள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி பாதி வளைந்து நின்றேன். பேசக் கூடாது என்ற விதி எங்களுக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

உதை வரவில்லை.

பின்னால் ஒரு கால் தூக்கப்படுவதும் கீழே வைக்கப்படுவதும் கேட்டது. கொலுசு ஒரு தடவை ஒலித்தது. மறுபடி ஒலித்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"உதைச்சுத் தொலையேண்டி!"

"எப்படிக்கா உதைக்கிறது?" என்றாள். "மூத்தவங்க முதுகுல காலை வச்சா எனக்குப் பாவம் வராதா?"

மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் "அக்கா" என்று கூப்பிட்டது அப்போதுதான். எனக்குள் ஏதோ இளகியது. ஆனாலும் வாய் விடவில்லை.

"மனசுக்குள்ள எத்தனை தடவை உதைச்சிருப்ப? அதுக்கெல்லாம் வராத பாவம் இப்ப வந்துடுமா?"

"மனசுக்குள்ள முதுகுல உதைக்கலக்கா" என்றாள். "வேற எடத்துல."

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இடுப்பு கிழிகிற மாதிரி வலித்தது. வலியில் கத்தினேன், கத்திக்கொண்டே சிரித்தேன். அவளும் சிரித்தாள். உள்ளேயிருந்து ஓடி வந்த என் கணவர், நாங்கள் அடித்துக்கொள்கிறோம் என்று நினைத்து நடுவில் புகப் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து விரட்டினோம்.

ஒருவழியாக உதைத்தாள். உதையா அது? தூங்குகிற குழந்தையின் போர்வையைச் சரி செய்கிற மாதிரி காலை வைத்து எடுத்தாள். எடுத்த கையோடு குனிந்து என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு, தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அன்னிக்கு நடவுல, புடவையைச் செருகும்போது நீங்க இடுப்பைப் பிடிச்சிக்கிட்டு முகத்தைச் சுளிச்சீங்க. நான் பாத்தேன். எறங்கினா ஏற மாட்டீங்கன்னு தோணிச்சு. அத்தனை பேர் முன்னால நீங்க விழுந்துடக் கூடாதேன்னுதான் முடியை வாங்கினேன். அதைச் சொல்ல விட்டீங்களா?"

விடவில்லைதான். நான் பேசி முடித்தபோது அவளுக்குச் சொல்வதற்கு இடமே இல்லை. வெட்கமாக இருந்தது. ஒரு நல்ல மனசை மூன்று வருஷம் திருட்டு என்று நினைத்துக்கொண்டு, மாத்திரையும் பெல்ட்டுமாக இடுப்பை ஒடித்துக்கொண்டிருக்கிறேன். அழுகை வந்தது. வலியில் அழுவதாக அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று நிலையில் முகத்தைச் சாய்த்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் கொஞ்சம் நிமிர்ந்தேன். மூன்றாம் நாள் உதை உதையாகவே இருந்தது. அவளுக்கும் கூச்சம் விட்டுப்போயிருந்தது. நிமிர்ந்து நின்றேன். உதைதான் காரணம் என்றது ஊர். பிடிப்பு தானாகவே ரெண்டு மூணு நாளில் விடும் என்றார் தஞ்சாவூர் டாக்டர். நான் இரண்டு பேரிடமும் "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன்.

உதை முடிந்ததும் ஓரகத்தி, "வலி போயிடுச்சாக்கா?" என்று கேட்டாள். வழக்கம்போல் "ஒண்ணுமில்ல" என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன்.

"இல்லடி. நிமிர முடியுது, அவ்வளவுதான். வலி இருக்கு. அது போகாதாம்."

"சரி, காப்பி போடுங்க" என்று உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

குறுவை அறுத்து, தாளடி நடவு வந்தது. இந்தத் தடவை பெல்ட்டைப் புடவைக்கு மேலேயே கட்டிக்கொண்டு போய் வரப்பில் நின்றேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். முதல் முடியைக் கும்பிட்டு, என் கையாலேயே அவளிடம் கொடுத்தேன். கொடுக்கும்போது கொஞ்சம் வலித்தது, இடுப்பில் இல்லை. பொய் சொல்வானேன்.

அவள் இறங்கினாள். குனிந்தாள். ஒரு குத்து, இரண்டு குத்து, மூன்று. குலவை எழுந்தது. அவள் எழவில்லை. இடது கை மெல்லப் பின்னால் போய் இடுப்பைப் பிடித்தது. சட்டென்று எடுத்துவிட்டு, அடுத்த முடியை எட்டி எடுத்தாள்.

"என்னடி?" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா."

எனக்குத் தெரியாதா அந்த ஒண்ணுமில்ல? கால் முன்னால் பிறந்தவளுக்குப் பிடித்துக்கொண்டால் யார் உதைப்பது என்று பெரியம்மாவும் சொல்லி வைக்கவில்லை. குனியக் கூடாது என்றுதான் டாக்டர் சொன்னார், இறங்கக் கூடாது என்று சொல்லவில்லை. செருப்பைக் கழற்றி வரப்பில் போட்டுவிட்டு, பெல்ட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். அவள் பக்கத்தில் போய் நின்று தோளைக் கொடுத்தேன்.

"பிடிச்சிக்கடி" என்றேன். "ரெண்டு பேருமே மெதுவா ஏறுவோம்."

பிடித்துக்கொண்டாள்.