பாவூர்சத்திரம் வெயில்ல காஞ்ச கம்ப்யூட்டர்

குத்தாலத்துல சாரல் பின்னி எடுத்துக்கிட்டு இருந்த ஒரு நாள், ஓசியா கெடச்ச பன்னெண்டு கம்ப்யூட்டர குட்டியானை வண்டியில ஏத்திக்கிட்டு அலிமா தென்காசிக்கு வந்து எறங்குனா பாருங்க, மூஞ்சி பூரா சிரிப்பு! அருவிக்குப் போற ரோட்டுல ஒரு லாட்ஜு. அதுல முன்ன இன்டர்நெட் ரூம் ஒண்ணு நடந்துச்சு. சீசன் கூட்டத்துக்கு அங்க கட்டில் போடணுமாம். "ரூம் காலியானா போதும், துட்டே வேண்டாம், எடுத்துட்டுப் போங்கம்மா"ன்னுட்டாரு மேனேஜர்.

அலிமாவுக்கு தென்காசியில கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. ஒத்த ஷட்டர், ரெண்டு ஸ்டூல், அவ்வளவுதான். ஸ்க்ரூவ வாயில கடிச்சுக்கிட்டே போன் பேசுவா, சண்ட போடுவா, சிரிப்பா, வேலையும் நடக்கும். புருசன் முகம்மது சலீம் சவுதியில, தமாம்ல எட்டு வருசம் வேன் ஓட்டிட்டு இப்பதான் ஊருக்கு வந்தவன். திரும்பிப் போக அவனுக்கும் மனசில்ல, அனுப்ப அவளுக்கும் மனசில்ல. ஆனா ஏஜென்ட் கையில புது விசா ரெடி. வெள்ளிக்கெழமைக்குள்ள பதில் சொல்லணும். "இந்தக் கட ரெண்டு பேருக்கும் வேல குடுக்கும்னு காட்டு, நான் போகவே மாட்டேன்"னு சலீம் சொல்லிட்டான். அதனாலதான் அந்தப் பன்னெண்டு பெட்டிய அலிமா அப்பிடி நம்புனா.

ஒண்ணுக்கும் உசுரு வரல! சுவிட்சப் போட்டா கம்முனு கெடக்கு. ஒண்ணு ரெண்டு லேசா உறுமிட்டு நின்னுருது.

பழைய இரும்புக் கட மாடக்கண்ணு தராச தூக்கிக்கிட்டு வந்துட்டாரு. "தங்கச்சி, இதுக செத்து பல சீசன் ஆச்சு. எடைக்குப் போட்டுரு, எடமாவது மிஞ்சும்."

"குடுத்துருவோம் அலிமா"ன்னான் சலீம். குரல்ல சத்தே இல்ல.

அலிமா ஒரு பெட்டியத் தொறந்து உள்ள வெரல வச்சுப் பாத்தா. பிசுபிசுன்னு இருந்துச்சு. கருகுன வாசன இல்ல, எதுவும் உப்பிப் போகவும் இல்ல. "மச்சான், இது கெட்டுப் போகல. நமுத்துப் போயிருக்கு."

"நமுத்துப் போக இதென்ன அப்பளமா?"

"போர்வ காயலன்னா நாம என்ன செய்தோம்?"

சாரல் வந்துட்டா தென்காசி வீட்டுல எதுவும் காயாது. போர்வ, தலகாணி உறையெல்லாம் மூட்ட கட்டி பஸ்ல ஏத்தி, பாவூர்சத்திரத்துல இருக்க அக்கா ஜுஹைனா வீட்டு மாடிக்கு கொண்டு போயிருவா அலிமா. இங்கன நசநசன்னு தூறையில அங்கன வெயிலும் காத்தும் சேந்து அடிக்கும். சலீம் வாயப் பொளந்துட்டான். மாடக்கண்ணு விழுந்து விழுந்து சிரிச்சாரு. "சரி தங்கச்சி, காயாதத எனக்குத் தா"ன்னுட்டு போயிட்டாரு.

மறுநாள் ஜுஹைனா வீட்டு மாடியில பன்னெண்டு பெட்டியும் பக்கத்தகட்ட கழத்திக்கிட்டு வரிசையா ஒக்காந்துச்சு. நேரா வெயில் படாம மேல ஒரு சேல. ஜுஹைனா தலையில அடிச்சுக்கிட்டா. "ஏட்டி, தெருவே சிரிக்குதுட்டி!" பக்கத்து வீட்டு நம்பிராஜன் அண்ணாச்சி சந்தையில காய்கறி கமிஷன் மண்டி வச்சிருக்கவரு. அவரும் எட்டிப் பாத்தாரு. "என்னம்மா, கம்ப்யூட்டர்ல வத்தல் போடுதியா?"

"ஆமா அண்ணாச்சி, காஞ்சதும் உங்களுக்கும் ஒரு டப்பா!"

ரெண்டு நாள் காத்து நல்லா வாங்குச்சு. அலிமா மெமரிய உருவி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக ரப்பரால தேச்சு, திரும்ப சொருகி சுவிட்சத் தட்டுனா. பீப்! ஃபேன் சுத்துது! சலீம் குதிச்ச குதியில மாடியே ஆடுச்சு. அடுத்தது, அதுக்கும் அடுத்தது... ஏழு பெட்டி எந்திரிச்சுட்டுன்னா பாத்துக்கோங்க!

அப்புறந்தான் சலீம் மெதுவா கேட்டான். "உசுரு வந்துட்டு, சரி. இந்த ஆமைய யாரு வாங்குவா? காலேஜு பிள்ளைக தொடாதே. எடைக்குத்தான் போகணும் போல." அலிமா ரப்பரக் கீழ வச்சுட்டா. கண்ணு கலங்கிட்டு.

சலீம் குதிச்ச சத்தம் கேட்டு மேல வந்த நம்பிராஜன் அண்ணாச்சி பெட்டிக்குப் பின்னால குனிஞ்சு பாத்தாரு. அப்பிடியே நின்னுட்டாரு. "ஏ தாயி! இந்த அகல சொருகு இதுல இருக்கே! டர்ர்ர்னு கார்பன் பில்லு அடிக்கும்லா எங்க பிரிண்டரு, அத மாட்ட புதுக் கம்ப்யூட்டர்ல எடமே இல்ல. பழசு போனதுல இருந்து கையால எழுதிச் சாகுதோம். எங்க வரிசையில எல்லா மண்டியிலயும் இதே பாடு."

"பழசு அண்ணாச்சி. எப்ப மக்கர் பண்ணும்னு சொல்ல முடியாது."

"பண்ணட்டும். மண்டி நேரத்துல கூப்புட்டா ஒருத்தரு ஓடி வரணும், அதான் எங்களுக்கு முக்கியம்."

அலிமா சலீமப் பாத்தா. சலீம் அலிமாவப் பாத்தான். எட்டு வருசம் வண்டி ஓட்டுன ஆளு, கூப்புட்ட கொரலுக்கு ஓடுறதா கஷ்டம்?

ஏழும் மண்டிக்குத்தான்னு அங்கனயே முடிவாச்சு. எந்திரிக்காத அஞ்சுல நல்ல சாமான உருவிக்கிட்டு வெறுங்கூட்ட மாடக்கண்ணுக்கு குடுத்துட்டாக. "பரவால்ல, எனக்குன்னும் ஏதோ காயாம இருந்துச்சே"ன்னு தராசத் தூக்குனாரு அவரு.

வெள்ளிக்கெழம காலையில சலீம் நம்பிராஜன் மண்டியில மேசைக்கடியில படுத்துக்கெடந்தான். தலையெல்லாம் வெங்காயச் சருகு. பிரிண்டர் டர்ர்ர்னு மொத பில்ல துப்புச்சு. மூட்ட தூக்குதவங்க கை தட்டுனாங்க! அப்ப பாத்து ஏஜென்ட் போனு. சலீம் அடியில இருந்தே போன மேல நீட்டுனான். "நீயே சொல்லு."

பக்கத்துல நின்ன அலிமா போன வாங்கிக் காதுல வச்சா. "அண்ணாச்சி, அந்த விசாவ வேற ஆளுக்குக் குடுத்துருங்க. எங்க வீட்டு ஆளுக்கு இங்கனயே வேல கெடக்கு." சொல்லும்போதே குரல் ஒடஞ்சிட்டு.

"அழுறத அப்புறம் வச்சுக்க"ன்னான் மேசைக்கடியில இருந்து சலீம். "ஸ்க்ரூடிரைவர எடுட்டி, பக்கத்து மண்டிக்காரரு கூப்புடுதாரு."