ஈசானி மூலைத் தண்ணி

நான் கல்யாணமாகி இந்தச் சாரம்ங்கற ஊருக்கு வந்தப்ப எங்க வீட்டுக்குப் படியேறிப் போகணும். இப்ப தெருவுலேருந்து உள்ள எறங்கணும். வீடு அதே வீடுதான்.

ரெண்டாயிரமாவது வருஷம் பொறந்ததுலேருந்து ஜனம் வந்துகிட்டே இருந்துச்சு. சேதராப்பட்டு கம்பெனிக்கு வேலைக்குப் போறவங்க, கோரிமேட்டு ஆஸ்பத்திரியில வேலை கெடச்சவங்க, விழுப்புரம் பக்கம் நெலத்த வித்துட்டு வந்தவங்க. வரட்டும், நானும் இங்க வாழ வந்தவதானே. ஆனா வர்றவன் ஒவ்வொருத்தனும் லாரி லாரியா கிராவல் கொட்டி, பக்கத்து வீட்டவிட ஒசத்தித்தான் அஸ்திவாரம் போடுவான். அடுத்து வர்றவன் அதையும்விட ஒசத்துவான். ரோடு போடறவங்க பழைய ரோட்டு மேலயே தார ஊத்திட்டுப் போவாங்க. மழத்தண்ணி போய் நின்னுகிட்டிருந்த பின்பக்கத்துக் காலிமனையிலயும் மாடி வீடு வந்துடுச்சு. தண்ணி வேற எங்க போவும்? எங்க வீட்டுக்குள்ளதான்.

எங்க வீட்டுக்காரர் மில்லுல இருந்தவர். மில்ல மூடினப்புறம் வாச்மேன் வேலை. நல்ல மனுஷன்தான், ஆனா வாஸ்துன்னா உசுரு. கொல்லையில கக்கூஸ் இருக்கற எடம் சரியில்ல, அதான் வேலை போச்சுன்னு எவனோ சொன்னான்னு, நல்லா இருந்த கக்கூஸையே இடிச்சவர். அப்புறம் ஒரு மாசம் பக்கத்து வீட்டுக்குப் போய்ட்டு வந்தோம்.

எம் பொண்ணு உண்டானா. தலைப்பிரசவம் தாய்வீட்டுலதானே பாக்கணும்? ஐப்பசிக் கடைசியில ஆகும்னு சொல்லிட்டாங்க. நல்ல மழக்காலம். பச்ச ஒடம்புக்காரிய ஈரத்துல எங்க படுக்க வெக்கறது? எனக்கு வேற நெனப்பே இல்ல. தரையாவது ஒசத்துங்கன்னு இவர நச்சரிச்சேன். சரின்னு செங்கல் ஜல்லியப் போட்டு மெத்தி, மேல சிமெண்ட் பூசச் சொன்னாரு. அதுலேருந்து வாசக்கால் எல்லார் தலையிலயும் இடிச்சது. பரவால்ல, காஞ்ச தரை இருக்கேன்னு இருந்தேன்.

வடகெழக்கு மூலைக்கு வந்ததும் இவரு கொத்தனாருக்குக் குறுக்க நின்னுட்டாரு. "ஈசானி மூலை தாழ்ந்துதான் இருக்கணும். அங்க மேடு பண்ணா வம்சம் விருத்தியாவாது."

"மழத்தண்ணி அந்த வழியாத்தாங்க உள்ள வருது"ன்னாரு கொத்தனாரு.

"ஈசானியில தண்ணி இருந்தா நல்லதுதான்"னாரே பாக்கணும். எனக்குப் பத்திகிட்டு வந்துச்சு. "ஊரு பூரா வம்சம் விருத்தியாயி நம்ம தலைமேல ஏறி நிக்குது. அதுல எவன் வீட்டு ஈசானி தாழ்ந்திருக்குன்னு போய்ப் பாத்துட்டு வாங்க"ன்னேன். காதுலயே வாங்கல.

பிரசவம் நல்லபடியா ஆச்சு. பேத்தி. அன்னிக்குப் புடிச்ச மழ விடவே இல்ல. விட்டத்துல தூளி கட்டலாம்னு வீட்டுக்கு வந்தா, ஈசானி மூலையில கொளமாட்டம் தண்ணி. மொண்டு ஊத்த ஊத்தத் தெருவுலேருந்து வருது. புதுத் தரைமேலயும் ஏறிடுச்சு. பின்வீட்டுப் பொண்ணுகிட்டப் போய், மதில்ல கீழ ஒரு ஓட்டை போட்டாத் தண்ணி வடிஞ்சுடும்மான்னு கெஞ்சினேன்.

"போட்டாலும் தண்ணி எங்க போவும்க்கா? எங்களுக்கு அந்தாண்ட இருக்கறவங்களும் அடைச்சுத்தானே கட்டியிருக்காங்க"ன்னா. அவளும் பொய் சொல்லல. யார்கிட்டப் போய் சண்டை போடறது?

ஆஸ்பத்திரியிலேருந்து ஆட்டோ வந்து எங்க தெருமொனையிலயே நின்னுடுச்சு. ஆரத்தித் தட்ட எடுத்துகிட்டு முட்டித் தண்ணியில நடந்து போனேன். சம்பந்தியம்மா எறங்கல. அவங்க இருந்தது அடுத்த தெருவுல, ஒசத்திக் கட்டின புது மாடியில. "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. புள்ளைய எங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போறோம். நீங்க அங்க வந்து பாத்துக்குங்க"ன்னாங்க. எம் பொண்ணு கண்ணத் தொடச்சுகிட்டா. தெருமொனையிலயே ஆரத்தி சுத்தி ஊத்தினேன்.

அதுக்கப்புறம் ரோடு மறுபடியும் ஒசந்துச்சு. ரெண்டாவது பிரசவத்துக்கு அவள எங்க வீட்டுக்குக் கூப்பிட எனக்கு வாயே வரல. பேரன் பொறந்த சேதி வந்தப்பவும் மழதான். இவரு வாசக்கால்ல குனிஞ்சு நின்னு தெருவப் பாத்துகிட்டிருந்தாரு.

"வம்சம் விருத்தியாயிடுச்சுங்க. அதுங்களக் கொண்டாந்து படுக்க வெக்கத்தான் நம்ம வீட்டுல எடமில்ல"ன்னேன்.

அவரு பக்கெட்ட எடுத்துகிட்டு ஈசானி மூலைக்குப் போய்ட்டாரு.