தொலைநோக்கிக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சட்டை

என் அக்காள் வீட்டுக்காரர் மரியப்பனுக்குக் கோட்டையூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு ஸ்டூடியோ இருந்தது. அவரிடம் கலை இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கொள்கை இருந்தது. படத்தில் யாருடைய காலும் வெட்டுப்படக் கூடாது. அவரிடம் வருகிறவர்களும் அப்படித்தான், பாதம் தெரியாத கல்யாணப் படத்தை வாங்கவே மாட்டார்கள். வலையபட்டியில் ஒரு செட்டியார் வீட்டுக் கல்யாணத்தில், மொத்தக் குடும்பத்தையும் வீட்டு முகப்பையும் சேர்த்துப் பிடிக்கப் பின்னால் நகர்ந்து நகர்ந்து ஊருணிக்குள் இறங்கிவிட்டார். இடுப்பளவு தண்ணீரில் நின்று எடுத்த படம் இன்றும் அந்த வீட்டில் தொங்குகிறது. எல்லாருக்கும் கால் இருக்கிறது.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் தொண்ணூற்று நாலில் என் அக்காள் அடைக்கலமேரி ஊட்டிக்கு அனுப்பினாள். அவர்களுடைய ஒரே மகள் மரிய அனிதாவுக்கு ஒரு வரன் வந்திருந்தது. பையன் அருண் ஜோசப், தேவகோட்டைப் பக்கம், நல்ல குடும்பம். பையன் பார்க்கும் வேலைதான் யாருக்கும் விளங்கவில்லை. ஊட்டிக்கு அப்பால் மலைச்சரிவில் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறதாம், அங்கே கருவிகளைப் பார்த்துக்கொள்கிறானாம். ரேடியோ என்றால் பாட்டு வருமா என்று அக்காள் கேட்டாள். வராது என்றேன். அப்புறம் எதுக்கு என்றாள். நான் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவன். பாடப்புத்தகத்தில் அதற்குப் பதில் போடவில்லை.

உண்மையில் வேலை ஒரு சாக்கு. மகளை அத்தனை தூரத்துக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத மலைக்கு அனுப்ப அக்காளுக்கு மனசு வரவில்லை. அனிதாவுக்கோ பையனைப் பிடித்திருந்தது. அவள் வாய் திறந்து சொல்லவில்லை. பெண் பார்க்க வந்தபோது கொடுத்த பையனின் படம் அவளுடைய ஜெபப் புத்தகத்துக்குள் குடியேறியிருந்தது, அவ்வளவுதான். வீட்டில் தினமும் இதே பேச்சாகி, கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மச்சான் நேரில் போய்ப் பார்த்து, வேலை செய்கிற இடத்தோடு பையனைப் படம் பிடித்து வர வேண்டும். அந்தப் படத்தைப் பார்த்து அக்காள் சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் வேண்டாம்.

ஸ்டாண்டைத் தூக்க நானும் கூடப் போனேன். தொலைநோக்கி என்றால் ஒரு குழாய் இருக்கும், ஒரு முனையில் கண்ணை வைத்துப் பையனை நிற்கவைக்கலாம் என்று மச்சான் நம்பி வந்திருந்தார். அங்கே இருந்ததோ மலைச்சரிவில் அரை கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடந்த இரும்பு. பெரிய பெரிய வளைந்த சட்டங்கள் வரிசையாக நின்றன. ஒன்றுக்கொன்று துணி காயப்போடக் கொடி கட்டியதுபோலக் கம்பிகள் நீளத்துக்கும் ஓடின. சுற்றிலும் உருளைக்கிழங்குத் தோட்டமும் குளிரும். மச்சான் நன்றாகப் பார்த்துவிட்டு, இதற்கு முகம் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

அருண் சிரிக்கவில்லை. எனக்குப் பையனைப் பிடித்துப்போனது அங்கேதான். வளைவின் உள்பக்கம்தான் முகம், வானத்தில் கேட்க வேண்டியது நகர நகர இதுவும் மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருக்கும் என்றான். படம் எடுக்கிற வரைக்கும் அசையாமல் இருக்கச் சொல்ல முடியுமா என்றார் மச்சான். அவன் மரியாதையாகப் போய் மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்தான். படம் எடுக்கத் தடை இல்லையாம். ஆனால் நிறுத்த முடியாதாம், நட்சத்திரம் காத்திருக்காதாம்.

"அப்ப நீங்களாவது அசையாம நில்லுங்க தம்பி, நான் கை காட்டுற வரைக்கும்," என்றார் மச்சான். வெள்ளைச் சட்டை படத்தில் எடுப்பாக விழும் என்று சொல்லி ஸ்வெட்டரையும் கழற்றச் சொன்னார். அவனும் கழற்றினான்.

பிறகு பின்னால் நடக்க ஆரம்பித்தார். தொலைநோக்கி முழுசாக விழ வேண்டும், தூண்களின் அடி வரைக்கும் தெரிய வேண்டும். உருளைக்கிழங்குத் தோட்டத்தைத் தாண்டினோம். ஓடையைத் தாண்டினோம். எதிர்ச் சரிவில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏறினோம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இங்கிருந்து எடுத்தால் பையனே தெரியமாட்டான் என்றேன். தெரிவான், வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறான் என்றார்.

கேமராவை நிறுத்திக் கண்ணை வைத்த நேரம் மூடுபனி இறங்கியது. தோட்டம், தொலைநோக்கி, மாப்பிள்ளை எல்லாம் ஒரே வெள்ளை. நாங்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு செடியோரம் உட்கார்ந்து, அக்காள் கட்டிக் கொடுத்த முறுக்கு முழுவதையும் தின்று தீர்த்தோம். பையன் இந்நேரம் ஆபீசுக்குள் போய் டீ குடித்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன். பனி விலகியபோது அருண் அதே இடத்தில், கைகளைத் தொங்கவிட்டு, வெறும் சட்டையோடு நின்றுகொண்டிருந்தான்.

மச்சான் படம் எடுத்தார். "வாத்தியாரே, சொன்ன இடத்துல நிக்கிறான்யா," என்று என்னிடம் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் கை காட்ட இரண்டு பேருமே மறந்துவிட்டோம். நாங்கள் திரும்பிப் போய்ச் சேருகிற வரைக்கும் அவன் நின்றுகொண்டே இருந்தான்.

ஊருக்கு வந்ததும் மச்சான் தம்முடைய இருட்டறையிலேயே கறுப்பு வெள்ளையில் பெரிதாகப் போட்டார். ஈரப் படத்தைக் கிளிப்பில் மாட்டிவிட்டு, அரியக்குடியில் ஒரு காதுகுத்துக்குப் படம் எடுக்கப் போய்விட்டார். ஸ்டூடியோவில் டச்சப் வேலை அக்காளுடையது. தூசி விழுந்த இடமெல்லாம் படத்தில் வெள்ளைப் புள்ளியாக வரும், அதை மெல்லிய பிரஷ்ஷால் மையிட்டு அடைக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து செய்கிறாள். கண் பார்த்தால் கை தானாகப் போகும்.

சாயங்காலம் எல்லாரும் கூடி உட்கார்ந்தோம். தொலைநோக்கி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஜம்மென்று விழுந்திருந்தது. அக்காள் கிட்டக் குனிந்து பார்த்தாள். அதுசரி, மாப்பிள்ளை எங்கே என்றாள். மச்சான் விரலை வைத்தார். அங்கே புல் இருந்தது. விரலை நகர்த்தினார். அங்கேயும் புல்தான். அவருக்கு மெல்ல விளங்கியது. நீ இதில் கை வைத்தாயா என்று கேட்டார்.

ஒரே ஒரு வெள்ளைப் புள்ளிதான் இருந்தது, தூசி என்று அடைத்தேன் என்றாள் அக்காள்.

"அது தூசி இல்ல மேரி. அதுதான் மாப்பிள்ளை."

யாரும் சிரிக்கவில்லை. நான் மறுநாள் பள்ளிக்கூடத்தில்தான் சிரித்தேன். அக்காள் சிலுவை போட்டுக்கொண்டாள். தன் கையாலேயே பையனை அழித்துவிட்டோமே, மாதாவே வேண்டாம் என்று காட்டிவிட்டாள், இதோடு இந்தப் பேச்சை விட்டுவிடுங்கள் என்றாள். ஒரு மண்டபத்தையே முகவாயை நிமிர்த்தச் சொல்லி அதட்டுகிற மச்சான் அப்போது தம்முடைய முகவாயை நெஞ்சில் புதைத்துக்கொண்டார். அனிதாவைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அவள் எழுந்து உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தோம். தண்ணீரில் நனைத்த பஞ்சோடு வந்தாள். படத்தை மடியில் வைத்து, தேடாமல் கொள்ளாமல் ஒரே இடத்தில் பஞ்சை ஒற்றினாள். நெகட்டிவை எத்தனை தடவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தாளோ, அவளுக்குத்தான் தெரியும். மை கரைந்து குருணை அளவுக்கு ஒரு வெள்ளை மேலே வந்தது.

"இங்கதாம்மா நிக்கிறாரு."

அக்காள் பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்தாள். அந்தக் குளிரில் சட்டையோடா நின்றார் என்று கேட்டாள். மச்சான் உள்ளதைச் சொன்னார்: தாம் ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னது, மூடுபனி, கை காட்ட மறந்தது. முறுக்கைப் பற்றி நான் சொன்னேன். அக்காள் எங்கள் இருவரையும் வைத அளவுக்கு அதற்கு முன்னும் வைததில்லை, பின்னும் வைததில்லை. ஊரான் பெற்ற பிள்ளையை இப்படியா நிறுத்திவைப்பீர்கள் என்றாள். வைது முடித்துவிட்டு மறுபடியும் கண்ணாடியை வைத்தாள். இந்தத் தடவை வெகுநேரம் நிமிரவில்லை.

"அம்புட்டுப் பெரிய மலையில ஒத்தையா நிக்கிறாரே," என்றாள். "கூட ஒரு ஆளு வேணாமா?"

அனிதா பஞ்சைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தாள். அக்காள் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே, தேவகோட்டைக்காரர்களை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வந்து பேசச் சொல்லுங்கள் என்றாள்.