எள்ளுருண்டையும் ஒரு மணியும்

கீழ் வீட்டுக்காரர் என் கதவடியில் ஒரு மரப்பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார். சின்னக் கூரை, முன்பக்கம் வட்டமாக ஓர் ஓட்டை. கோயில் உண்டியல்களைப் பார்த்து வளர்ந்த என் கண்ணுக்கு அது உண்டியலாகத்தான் பட்டது. கிறிஸ்மஸ் காலம், ஏதோ தர்மத்துக்குச் சேர்க்கிறார் போல என்று சில்லறை தேடிக் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டேன். அப்போதுதான் கூரையில் ஓர் அட்டை தொங்குவது தெரிந்தது. 'மேல் வீட்டுக்கு. குருவிகள் கூடு கட்டுவதற்கான பெட்டி. நானே செய்தது. கிறிஸ்மஸ் வாழ்த்துகள்.'

நானே செய்தது. அந்த இரண்டு சொல்லில் நான் மாட்டிக்கொண்டேன்.

நடந்தது லண்டனில், வால்தம்ஸ்டோவில், இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில். அது மேலும் கீழுமாகப் பிரித்து வாடகைக்கு விட்ட வீடு. கீழே இருந்தவர் மனைவியை இழந்த, ஓய்வுபெற்ற வெள்ளைக்கார பஸ் டிரைவர். எங்கள் உறவு முழுவதும் குப்பைத் தொட்டியைச் சுற்றித்தான். அவர் தொட்டியை வெளியே உருட்டும்போது "அல்ரைட்?" என்பார். நானும் "அல்ரைட்" என்பேன். அவர் கேட்டது கேள்வி, நான் சொன்னது பதில் என்று எடுத்துக்கொண்டால் வாரத்துக்கு ஒரு முழு உரையாடல் தேறும்.

மேலே முதலில் இரண்டு பேர் இருந்தோம். என்னோடு பல வருடம் அறை பகிர்ந்த தம்பி ஒருவன், ஊர்த் தம்பி, அந்த வருடம் மனைவி விசா கிடைத்து வந்து சேர, இரண்டு கிழமை இங்கே இருந்துவிட்டு அவளோடு இல்ஃபோர்டுக்குப் போய்விட்டான். கல்யாணம் கட்டாமல் நாற்பத்தைந்தைத் தொட்ட நான் மிஞ்சினேன். கிறிஸ்மஸுக்குத் தங்களிடம் வரச் சொல்லிக் கூப்பிட்டான். அன்றைக்கு பஸ்ஸும் ஓடாது ரயிலும் ஓடாது என்பதால் முதல்நாளே வந்து படுக்கவும் சொன்னான். புதுக்குடித்தனம், ஒரே ஒரு அறை. அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் எங்கே பாய் விரிப்பது? "எனக்கு இஞ்சை பெரிய பார்ட்டி இருக்கடா" என்றேன். நான் கணக்கு எழுதிய அலுவலகத்தில் கேட்டவர்களுக்கும் அதே பார்ட்டிதான். பகிடிக்காரனாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. அவனிடம் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.

இப்போது இந்தப் பெட்டி. இதற்குக் கடையில் வாங்கிய சொக்லேட் டின்னைக் கொடுத்தால் அந்த மனிதனை அவமதித்தது போலாகும். ஒன்றும் கொடுக்காவிட்டால் 'அல்ரைட்' கூட இல்லாமல் போகும். அந்தத் தெருவில் என்னை நலம் விசாரிக்க இருந்தது அவர் ஒருவர்தான். அவரையும் தொலைத்தால் எனக்கு மிஞ்சுவது குப்பைத் தொட்டி மட்டும்.

நாளைக்குக் கிறிஸ்மஸ். என் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இவற்றுக்கு என்ன தெரியும்? கால்குலேட்டர் தட்டத் தெரியும், தேத்தண்ணி ஆற்றத் தெரியும். தம்பிக்குப் போன் அடித்தேன்.

"என்னண்ணை, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"கீழ் வீட்டு மனுசன் பரிசு தந்திட்டார்."

"அதுக்கேன் செத்த வீட்டுக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லுறியள்?"

"கையாலை செய்ததடா! நானும் கையாலை ஏதும் செய்து குடுக்க வேணும்."

"பார்ட்டிக்குப் போக முதல் செய்யப் போறியளோ?"

"ஓம், ஓம். பார்ட்டிக்கு முதல்."

ரிசீவரைத் தம்பியின் மனைவி வாங்கினாள். "அண்ணை, நான் பேந்து வந்து எடுப்பமெண்டு எள்ளும் சக்கரையும் உங்கை மேல் தட்டிலை விட்டிட்டு வந்தனான். எள்ளுருண்டை பிடியுங்கோ. எள்ளை வறுங்கோ, சக்கரையைப் பாகாக் காய்ச்சுங்கோ. கம்பிப் பதம் வந்த உடனை இறக்கிப் போடுங்கோ. விட்டியள் எண்டால் கல்லாப் போயிடும்."

"கம்பி எண்டால் என்ன கம்பி, பிள்ளை? வேலிக் கம்பியோ, டெலிபோன் கம்பியோ?"

"பகிடி விடாதையுங்கோ அண்ணை. அடுப்பைப் பாருங்கோ."

அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கம்பியை வைத்து மேலும் இரண்டு பகிடி விட்டேன். அவள் சிரித்தாள், பின்னால் தம்பியும் சிரித்தான். அந்த வீட்டுச் சிரிப்பு காதுக்கு இதமாக இருந்ததால் வைக்க மனமில்லை. திரும்பிப் பார்த்தபோது பாகு கம்பியைத் தாண்டித் தண்டவாளப் பதத்தில் நின்றது. எள்ளைக் கொட்டிக் கிளறி, சூடு தாங்காமல் "ஐயோ, அம்மா" என்று ஆடியபடி பிடித்தேன். ஒவ்வோர் உருண்டையிலும் என் ஐந்து விரலும் அச்சாகப் பதிந்திருந்தது. கையால் செய்ததற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பழைய பிஸ்கட் டின்னில் அடுக்கி, ஆறுவதற்கு முன்பே கீழே கொண்டு ஓடினேன். அவர் கதவைத் திறந்தார். அலுவலகத்தில் நான் நல்ல ஆங்கிலம் பேசுகிறவன். பயம் வந்தால் மட்டும் அது என்னை விட்டுவிட்டுத் தனியே போய்விடும். டின்னை இரண்டு கையாலும் நீட்டி, "ஹாண்ட்மேட்" என்றேன். அவர் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. வாசலில் விடைபெறும்போது 'போறன்' என்று எங்கள் வாயில் வராதே. போட்டு வாறன் என்று மனதில் வந்ததை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கி வைத்தேன்.

"ஓகே. ஐ கோ அண்ட் கம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "ஒரு மணி?" என்று கேட்டார்.

என் கைக்கடிகாரத்தில் மூன்றரை. பாவம், மனிதன் வீட்டு மணிக்கூடு நின்றுபோய்விட்டது, அதைச் சொல்லிக் காட்டுவானேன் என்று, "யெஸ், யெஸ்" என்றேன்.

கிறிஸ்மஸ் காலை. தெருவில் பஸ் இரைச்சல் இல்லை, கடைக் கதவு தூக்கும் சத்தம் இல்லை. லண்டன் முழுவதும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது போலிருந்தது. தம்பி இருந்த காலத்தில் இந்த நாளில் பிந்தி எழும்பி, ஆட்டிறைச்சி சமைத்து, சீட்டில் ஒருவரை ஒருவர் ஏமாற்றுவோம். தனியே சீட்டு விளையாடிப் பார்த்தேன். என்னையே ஏமாற்றி வென்றேன். கத்தி ஆர்ப்பரிக்க எதிரில் ஆளில்லை.

மிஞ்சியிருந்த ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டுக் கடித்தேன். கடித்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. பல் வழுக்கியது. கடைவாய்க்கு மாற்றினேன். தலைக்குள் மின்னல் அடித்தது. உருண்டையில் ஒரு கீறல்கூட இல்லை.

அப்போதுதான் நினைவு வந்தது. கீழ் வீட்டுக்காரருக்கு இருப்பது பல் செட்.

பயத்தில் ஓடுவதற்கு என் வீடு போதாது. அடுப்படிக்கும் படுக்கையறைக்குமாக நடந்தேன். பல் உடைந்திருக்கும். இல்லை, தொண்டையில் அடைத்திருக்கும். தூரத்தில் எங்கோ அம்புலன்ஸ் கூவியது. எனக்காகத்தான் என்று முடிவு கட்டினேன். பொலிஸ் வந்து டின்னைத் திறந்தால் ஒவ்வோர் உருண்டையிலும் என் ஐந்து விரலடையாளம்! உலகத்திலேயே தன் கைரேகையைச் சக்கரையில் பதித்துக் கொடுத்த முதல் கொலைகாரன் நான்தான். படியில் பாதி இறங்கினேன், திரும்ப ஏறினேன். இறங்கிப் போய் என்ன கேட்பது? "அல்ரைட்?" என்றா?

பிறகு கீழிருந்து சத்தம் வந்தது. டொக். டொக். டொக். சுத்தியல். உயிரோடுதான் இருக்கிறார், ஆனால் கோபமாக இருக்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

சத்தம் நின்றது. சற்று நேரத்தில் படியில் காலடி. என் கதவில் தட்டு. திறந்தேன். அவர் தலையில், கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்கு வெள்ளைக்காரர் போடுகிற சிவப்புக் கடதாசிக் கிரீடம்.

"நீ திரும்பி வருகிறேன் என்றாயே," என்றார். "ஒரு மணிக்கு என்றேன், ஆம் என்றாய். உருளைக்கிழங்கு ஆறுகிறது."

நல்லவேளை, அவர் கிரீடத்தோடு நின்றார். நான் கண்ணைத் துடைத்ததைச் சிரிப்புக் கணக்கில் எழுதிக்கொள்ள முடிந்தது.

கீழே மேசையில் இரண்டு தட்டுகள். வான்கோழிக்குப் பதில் ஒரு கோழி, பொரித்த உருளைக்கிழங்கு, எனக்கு ஒரு பச்சைக் கிரீடம். பட்டாசு மாதிரி இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து இழுக்கிற கிறிஸ்மஸ் கிராக்கருக்குள் ஒரு துண்டுத் தாளில் பகிடி இருந்தது. என் பகிடியைவிட மோசம். கடைசியில் புடிங் வந்தது. அதன் மேல் பொன்னிறத் தூள்.

"அருமையான பொருள்," என்றார். "ஆனால் இதைச் சுத்தியலால்தான் உடைக்க வேண்டும் என்று நீ சொல்லியிருக்கலாம்."

"மறந்துவிட்டேன்," என்றேன். "எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்."

வெளிக்கிடும்போது வாசலில் நின்று உண்மையைச் சொன்னேன். 'கோ அண்ட் கம்' என்பது வெறும் விடைபெறுதல், திரும்பி வருவதாக வாக்கு அல்ல என்றேன். அவர் கிரீடத்தைச் சரிசெய்தபடி யோசித்தார்.

"அப்படியானால் உங்கள் ஆட்கள் ஒருபோதும் போவதே இல்லையா?"

"போவோம். சொல்ல மாட்டோம்."

அடுத்த இலையுதிர் காலத்தில் அவருடைய மகள் வந்து, கடற்கரையோரம் இருந்த தன் ஊருக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். கார் நகர முன் அவர் கண்ணாடியை இறக்கினார்.

"ஐ கோ அண்ட் கம்," என்றார்.

"ஒரு மணி?" என்று கேட்டேன்.

"யெஸ், யெஸ்."

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான். இருந்தும் அந்தக் கிறிஸ்மஸுக்குத் தம்பி கூப்பிட்டபோது, பார்ட்டி இருக்கடா என்றேன். கோழியும் உருளைக்கிழங்கும் சமைத்து, எள்ளுருண்டையும் பிடித்து, ஒரு மணிக்குப் படிக்கதவைக் கொஞ்சம் நீக்கி வைத்தேன். குளிர்தான் ஏறி வந்தது. யன்னலோரத்தில் ஆணியடித்த பெட்டிக்கு அதுவரை ஒரு குருவியும் வந்து எட்டிப் பார்க்கவில்லை. ஒரு துண்டு எள்ளுருண்டையை அதன் வாசலில் வைக்கலாமா என்று யோசித்தேன். பிறகு, குருவிக்கும் அலகு ஒன்றுதானே இருக்கிறது என்று சுத்தியலைத் தேடப் போனேன்.