இழுப்பறையில் கிடந்த பேட்ஜ்

என் தம்பியைத் தொழிற்சாலையில் படக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணப் படம் எடுக்கிறவன் என்று நினைத்து விசாரிக்க வந்தவர்கள்கூட உண்டு. அவன் படம் எடுத்தது குழாய்களை. பெரிய இரும்புக் குழாய்களை வெல்டிங் வைத்து ஒட்டிய இடத்தில் ஃபிலிமைச் சுற்றி, எதிர்ப்பக்கம் கதிர்வீசும் சின்ன உலோகத் துண்டு ஒன்றை நிறுத்துவார்கள். அதற்கு அவர்கள் பேச்சில் சோர்ஸ் என்று பெயர். கனமான பெட்டியிலிருந்து வளையும் குழல் ஒன்றின் வழியாகக் கம்பியால் வெளியே தள்ளி, வேலை முடிந்ததும் இழுத்து உள்ளே பூட்டிவிட வேண்டும். ஃபிலிமைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தால் ஒட்டு நல்லதா, உள்ளே கீறலா என்று தெரிந்துவிடும். வெல்டர்கள் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். டீயைக் குடித்துவிட்டு ஒட்டை வெட்டச் சொல்லிவிடுவான்.

குழாய்க்கு இவ்வளவு கறார் காட்டியவன் சொந்த உடம்புக்கு வந்தால் அடிமுட்டாள்.

உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று காட்ட ஆளுக்கொரு பேட்ஜ் கொடுத்திருந்தார்கள். அளவு தாண்டினால் சோர்ஸ் பக்கம் விடமாட்டார்கள். கிடங்கில் உட்கார்ந்து போல்ட்டுகளை அளவுவாரியாகப் பிரிக்க வேண்டியதுதான், கூடுதல் நேரச் சம்பளமும் போய்விடும். அதனால் வேலைக்குக் கிளம்பும்போதே எல்லோரும் பேட்ஜைக் கழற்றி ஃபோர்மேன் மேஜை இழுப்பறையில் போட்டுவிடுவார்கள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சோதனைக்கு அனுப்பும்போது பேட்ஜ்கள் குளிப்பாட்டிய குழந்தைகள் மாதிரி சுத்தமாகப் போகும்.

பேட்ஜ் இழுப்பறையில் கிடந்த அப்படி ஒரு நாள் சோர்ஸ் கம்பியிலிருந்து கழன்று குழலுக்குள் மாட்டிக்கொண்டது. என் தம்பி குழலைக் கையில் பிடித்து உலுக்கி, துண்டைக் கீழே விழவைத்து, இடுக்கியால் எடுத்துப் பெட்டியில் போட்டான். அன்று சாயங்காலம் வாந்தி. “மதியம் என்னத்தத் தின்ன?” என்று கேட்டாராம் ஃபோர்மேன். பிறகு விரல் நுனிகளில் தோல் உரிந்தது. சிமெண்டு பட்டது என்று வீட்டில் பொய் சொன்னான். அவன் பெண்டாட்டி நம்பினாள்.

சில வருஷம் கழித்து அதே விரல்கள் வெடித்து, ஆறாமல் நின்றன. சோற்றைப் பிசைய முடியவில்லை. தோல் டாக்டர் என்ன வேலை என்று கேட்டார், கதிர் பட்டிருக்கலாம் என்று கம்பெனிக்கும் சொல்லியனுப்பினார். கம்பெனி அவனைக் கிடங்கில் உட்காரவைத்து, இரத்தம் எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பியது. கதிர் பட்ட தடயம் ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. திங்கட்கிழமை முதல் மறுபடியும் சோர்ஸ் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

“சுத்தம்னு சொல்லிட்டாங்க அண்ணி” என்று அவன் பெண்டாட்டி சந்தோஷமாகச் சொன்னாள்.

அவன் விரலைப் பார்த்தேன். நோயாளிகளுக்குப் புண் துடைத்தே காலம் தள்ளியவள் நான். எந்தப் புண் எதனால் வந்தது என்று ஓரளவு தெரியும்.

“இது சிமெண்டா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

“டாக்டர்கிட்ட ஏண்டா சொல்லல?”

“பேட்ஜ் எங்கன்னு கேப்பாங்கக்கா. எல்லாரும் மாட்டுவாங்க.”

“மாட்டட்டும். நீ ஒருத்தன் புண்ணோட கிடந்தா அவனுங்க வந்து ஊட்டி விடுவானுங்களா?”

மறுநாளே அவனை இழுத்துக்கொண்டு அந்தச் சோதனைக்கூடத்துக்குப் போனேன். இரத்தம் தடவிய கண்ணாடி ஸ்லைடுகளுக்குச் சாயம் போடும் அம்மாள் வெளியே வந்தார். விரலெல்லாம் ஊதா. நடந்ததைச் சொன்னதும் கையிலிருந்த துணியை மேஜைமேல் எறிந்தார்.

“போன மாசம் பட்டிருக்கலாம்னுதாம்மா கம்பெனியில சொன்னாங்க. பழசுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற சாயம் போட்டிருப்பேன்.”

அவர் விளக்கியது எனக்குப் புரிந்தவரை இதுதான். கதிர் பட்டால் உயிரணுக்களுக்குள் இருக்கும் குரோமோசோம்கள் உடையும். உடைந்த துண்டுகள் தப்பாக ஒட்டிக்கொள்ளும். இடுப்பு மாதிரி ஒடுங்கிய இடம் ஒன்று இருக்க வேண்டியதில் இரண்டு இடுப்பு வரும். வழக்கமான ஊதாச் சாயத்தில் அது பளிச்சென்று தெரியும். ஆனால் இரண்டு இடுப்பு உள்ள உயிரணு சரியாகப் பிரிய முடியாமல் செத்துப்போகும். வருஷங்கள் ஓடினால் தேடினாலும் கிடைக்காது. துண்டுகள் இடம் மாறி, இடுப்பு ஒன்றாகவே இருந்துவிட்டால் அந்த உயிரணு பிழைத்துக் கிடக்கும். ஊதாச் சாயத்துக்கு அது பெரும்பாலும் தப்பிவிடும். குறிப்பிட்ட குரோமோசோம்களுக்கு மட்டும் தனித்தனி நிறம் ஏற்றி, இருட்டில் ஒளிரவிட்டுப் பார்க்க வேண்டும்.

“பீடி, சிகரெட்டு?”

“கிடையாதும்மா” என்றான்.

“நல்லது. அதுலயும் இந்த மாதிரி உடைசல் கொஞ்சம் வரும், வயசாலயும் வரும். அதைக் கழிச்சுத்தான் பாக்கணும்.”

தோல் டாக்டரிடம் சீட்டு வாங்கி வந்து கொடுத்தேன். மறுபடி இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை அவன் வேலைக்குப் போகக்கூடாது என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஃபோர்மேன் வீட்டுக்கே வந்தார்.

“ஆள் பத்தலம்மா. சுத்தம்னு சொன்ன பிறகும் என்ன பயம்?”

“பயமில்லன்னா நீங்க போய் அந்தக் குழலைப் பிடிங்க. பேட்ஜ நானே குத்தி விடறேன்.”

அவர் தண்ணீர்கூடக் கேட்காமல் போனார். நானும் கொடுப்பதாக இல்லை.

“விடுக்கா, போய்ட்டு வந்துடறேன்” என்று உள்ளேயிருந்து இவன் முனகினான். இவனுக்காக நான் ஊரோடு சண்டை போட்டால், இவனே எனக்கு எதிராளி.

முடிவு வந்த அன்று அந்த அம்மாள் எங்களைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார். கறுப்புப் பின்னணியில் நீலமும் சிவப்பும் பச்சையுமாகப் புழுக்கள் மாதிரி கிடந்தன. ஒவ்வொன்றும் முழுக்க ஒரே நிறமாக இருக்க வேண்டுமாம். ஒன்றில் பாதி சிவப்பு. அது முடிந்த இடத்தில் நீலம் ஒட்டிக்கொண்டிருந்தது.

“இவர் வயசுக்கு இப்படி இருக்க வேண்டியதைவிட ரொம்ப ஜாஸ்தி” என்றார்.

தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போனான். ஃபிலிமைப் பார்க்கும்போது செய்வதைப்போலவே ஒரு கண்ணைச் சுருக்கி, அந்த இரண்டு நிறம் சேரும் இடத்தையே பார்த்தான்.

“தப்பான ஒட்டு” என்றான். “வெல்டர் இப்படிக் கொண்டாந்தா நான் பாஸ் பண்ணமாட்டேன்.”

“வெட்டி எடுத்துட்டுத் திரும்ப ஒட்டச் சொல்லுவ” என்றேன்.

“இதை எங்கக்கா வெட்டறது?”

நான் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் காதில் ஏறாதவனுக்கு, ஒரு படம் போதுமாக இருந்திருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை அவனே போய்க் கம்பெனி டாக்டரிடம் இழுப்பறை விஷயத்தைச் சொன்னான். தன் பெயரைத்தான் முதலில் சொன்னானாம். இனி சோர்ஸ் பக்கம் போக வேண்டாம் என்று கிடங்கிலேயே வைத்துவிட்டார்கள். விரலுக்கு வைத்தியம் கம்பெனி பொறுப்பில் நடக்கிறது. குழுவில் ஒருவனும் அவனோடு பேசுவதில்லை. “காட்டிக்கொடுத்த படக்காரர்” என்று பெயர் நீண்டிருக்கிறது. நாலு நாள் முகத்தைத் தொங்கப்போட்டான். இப்போது போல்ட்டு பிரிப்பதிலும் கறார் காட்டுகிறானாம்.

இனி யாரும் பேட்ஜைக் கழற்றிப் போடாதபடி கம்பெனி அந்த இழுப்பறைக்குப் பூட்டுப் போட்டிருக்கிறது. சாவி ஃபோர்மேனிடம் இருக்கிறது.