கத்தரியக்காவின் தளத்தில் வந்த எண்ணெய்

அந்தத் தையல்காரியைத் தெருவில் எல்லோரும் கத்தரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் எப்போதும் கத்தரி இருப்பதால் வந்த பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நாக்கைப் பார்த்து வைத்த பெயர் என்பது மற்றவர்களுக்குத் தெரியும். அதை அவளிடம் போய்ச் சொல்லத்தான் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

சக்கர நாற்காலியில் நாளைக் கழிப்பவர்களுக்கான உடைகளை மட்டுமே அவள் தைத்தாள். கடையில் கிடைக்கும் கால்சட்டை நிற்பவர்களுக்காக வெட்டியது. அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தால் வயிற்றருகே துணி மூட்டை கட்டிக்கொள்ளும், முதுகுப் பக்கம் இறங்கிவிடும், பின்பக்கப் பையின் தையல் அழுந்தி அழுந்திப் புண்ணாகும். அக்கா பின்பக்கத்தை உயர்த்தி, முன்பக்கத்தைக் குறைத்து, பின்பையே வைக்காமல் வெட்டுவாள். போட்டுப் பார்த்தவர்கள் அடுத்தவர்களிடம் சொல்லாமல் இருக்கமாட்டார்கள்.

வெளியூரிலிருந்தும் ஆட்கள் கேட்கத் தொடங்கியபோது ஓர் இணையதளம் தேவைப்பட்டது. கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த கொழுந்தன் தானாகவே முன்வந்தான்.

"ஹோஸ்டிங்குக்கு எதுக்கு அண்ணி தண்டச் செலவு? என் ஃப்ரெண்டு சொந்தமா சர்வர் வச்சிருக்கான். ஃப்ரீயாவே போட்டுத் தரேன்."

"ஹோஸ்டிங்னா?"

"உங்க தளம் குடியிருக்கிற இடம். சும்மா இருந்துக்கலாம், ஒருத்தன் வாடகை கேக்க மாட்டான்."

அக்காவுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. தளம் வந்தது. ஆர்டர்கள் நேராக மின்னஞ்சலுக்கு வந்து விழுந்தன. வெட்டவும் தைக்கவுமே பொழுது சரியாக இருந்ததால், தன் தளத்தை அவள் திறந்து பார்த்தே வெகுநாளாகியிருந்தது.

ஒரு நாள் காலையில், அவளிடம் வழக்கமாகத் துணி தைக்கக் கொடுக்கும், வங்கியில் வேலை பார்க்கும் பெண் போன் செய்தாள்.

"அக்கா, நீங்க சொன்னதாலதானே அப்பா அந்த எண்ணெய்ய வாங்கினாரு?"

"எந்த எண்ணெய்?"

"வந்து பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

அக்கா போனாள். அந்தப் பெண்ணுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. அவளுடைய அப்பா தினமும் பக்தியோடு தேய்த்துவிட்ட எண்ணெய், இரண்டு கெண்டைக்கால்களிலும் தோலை வேகவைத்திருந்தது. கொப்புளம் உடைந்து நீர் வடிந்து துணியில் ஒட்டிக்கொண்ட பிறகுதான் விஷயமே தெரியவந்திருக்கிறது.

அப்பா நிமிர்ந்து பார்க்காமல் போனை நீட்டினார். "உங்க போட்டோ இருந்துச்சும்மா. அதுக்குக் கீழேயே இதுவும் இருந்துச்சு. உங்க மேல இருந்த நம்பிக்கையில..."

அது அவளுடைய தளம்தான். அளவு எடுப்பது எப்படி என்று அவள் படம் போட்டு விளக்கிய பக்கம். அதன் அடியில் ஒரு வீடியோ: சக்கர நாற்காலியில் இருந்த ஒருவன் எண்ணெய் தேய்த்துக்கொண்டு துள்ளி எழுந்து ஓடுகிறான். 'இனி நீங்களும் நடக்கலாம்!'

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?" என்று அக்கா கேட்டாள். போய்வந்ததாகச் சொன்னார்கள். அங்கிருந்து நேராகக் கொழுந்தன் கடைக்கு நடந்தாள். வழியில் வணக்கம் சொன்ன யாரும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

அவன் யாருக்கோ பிரிண்டர் விற்றுக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"ஃப்ரீன்னா நாலு விளம்பரம் வரத்தான் செய்யும் அண்ணி. அவனும் பொழைக்கணும்ல? இதைப் போய்ப் பெருசு பண்ணிக்கிட்டு..."

"அந்தப் பொண்ணுக்குத் தோல் உரிஞ்சு கிடக்குது. கால்ல நெருப்பு வச்சாக்கூட அவளுக்குத் தெரியாதுடா! நடக்க முடியாதவங்க வர்ற இடத்துல நடக்கவைக்கிறோம்னு பொய் சொல்லி விக்கிறானே, அவனுக்குக் கடை போட இடம் கொடுத்தது யாரு? நீயும் உன் ஃப்ரெண்டும்!"

"நான் என்ன பண்ண முடியும்?"

"இப்பவே தளத்தை மூடு."

"பாஸ்வேர்டு அவன்கிட்ட இருக்கு. தளத்தோட பேரும் அவன் கணக்குலதான் பதிவாகியிருக்கு. அப்ப ஒரு வசதிக்காக..."

"தைக்கிறது நான். பேரு அவனுதா?"

அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துக் கடை வாசலில் போட்டு உட்கார்ந்தாள். உள்ளே நுழைய வந்த ஒவ்வொருவரிடமும் கொப்புளக் கதையை முதலிலிருந்து சொன்னாள். பிரிண்டர் வாங்க வந்தவர், யோசித்துச் சொல்வதாகக் கூறி நழுவினார். அடுத்து வந்த அம்மாள் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, கொழுந்தனை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள். கொழுந்தன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நண்பனிடம் முதலில் கெஞ்சினான், பிறகு கத்தினான். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தளம் மூடப்பட்டது; கணக்கும் பாஸ்வேர்டும் அக்காவின் கைக்கு வந்தன.

"தம்பி பாவம், தெரியாம செஞ்சுட்டான்" என்றார் அவள் கணவர் சாயங்காலம்.

"பாவம் யாருன்னு அந்தப் பொண்ணோட காலைப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

புது ஹோஸ்டிங் தேடும் வேலையை இந்த முறை அவள் யாரிடமும் விடவில்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தானே போன் போட்டாள். முதலில் எடுத்தவன் குரலில் தேன் சொட்டியது.

"எல்லாமே அன்லிமிடெட் மேடம்!"

"என் பக்கத்துல அடுத்தவன் விளம்பரம் வருமா, வராதா?"

"நம்ம ஸ்பெஷல் ஆஃபர்ல..."

"வருமா, வராதா?"

"சீனியருக்குக் கனெக்ட் பண்றேன் மேடம்." பாட்டு ஓடியது. பாட்டு முடிந்ததும் இணைப்பும் போனது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த எண்ணை அழுத்தினாள்.

இன்னொருவனிடம், பிடிக்காவிட்டால் தளத்தை எப்படி எடுத்துக்கொண்டு போவது என்று கேட்டாள்.

"இன்னும் வரவே இல்லை, அதுக்குள்ள போறதப் பத்திக் கேக்குறீங்களே மேடம்!"

"வெளியே போக வழி தெரியாத இடத்துல ஒரு தடவை மாட்டினது போதும்ப்பா."

கடைசியில் ஒரு சின்ன நிறுவனம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு பெண் பேசினாள். "சளி, மன்னிச்சுக்கோங்க. விளம்பரம் வராது, ஒப்பந்தத்துலயே இருக்கு. அனுப்புறேன், படிச்சுட்டு முடிவு பண்ணுங்க. தினமும் தளத்தை நகல் எடுப்போம். ஆனா எங்களை மட்டும் நம்பி இருக்காதீங்க, நீங்களும் ஒண்ணு எடுத்து வச்சுக்கோங்க. போகணும்னா எல்லாத்தையும் நீங்களே இறக்கிக்கலாம், யாரையும் கேக்க வேண்டாம். தளத்தோட பேரும் உங்க பேர்லதான் இருக்கும். இன்னொண்ணு, போன வருஷம் எங்க சர்வர் ஒரு நாள் முழுக்கப் படுத்துக்கிச்சு. அதையும் சொல்லிடறேன்."

ஒப்பந்தத்தை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு அக்கா அங்கேயே வாங்கினாள்.

புதுத் தளத்தில் துணிகளின் படத்துக்கு முன்னால் அவள் போட்டது ஓர் எச்சரிக்கை. 'இந்தத் தளத்தில் ஓர் எண்ணெய் விளம்பரம் வந்தது. அதைப் பார்க்காமல் விட்டது என் தவறு. வாங்கியிருந்தால் தடவாதீர்கள், காலைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.' குடும்ப மானம் போகிறது, அதை எடுத்துவிடச் சொல்லுங்கள் என்று கொழுந்தன் அண்ணனிடம் தூது விட்டான். அக்கா எழுத்தை இன்னும் பெரிதாக்கினாள். அக்காவுக்கும் கொழுந்தனுக்கும் அன்றோடு பேச்சு நின்றது. எண்ணெய்க்காரன் மேல் அக்கா போலீஸில் கொடுத்த புகாருக்கு இதுவரை பதில் இல்லை. அவன் எண்ணுக்குப் போட்டாலும் மணி அடிப்பதில்லை.

மழைக்காலம் முடிந்து அந்த வங்கிக்காரப் பெண் அளவு கொடுக்க வந்தாள். புண் ஆறி, தழும்பு தடித்திருந்தது.

"அப்பா இன்னும் உங்க பேரை எடுத்தாலே அந்த இடத்தை விட்டுப் போயிடறாருக்கா."

"போகட்டும். எனக்கே என் மேல இருக்கிற ஆத்திரம் தீரல, அவருக்கு எப்படித் தீரும்?" என்றாள் அக்கா. தழும்பில் தையல் உரசக்கூடாது என்று, கெண்டைக்கால் பகுதியைத் தளர்த்திச் சுண்ணக்கட்டியால் துணியில் கோடு போட்டாள்.