தொட்டிக்குள்ளிருந்து வந்த பதில்

பிளீச்சிங் பவுடர் நெடி எங்கே வீசினாலும் அவர் நினைவு வந்துவிடுகிறது. கோடை தொடங்குமுன் எங்கள் ரெட்டியார்பாளையம் வீட்டின் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வந்தவர். ஒல்லியான உயரம், நரைத்த தாடி. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மறுமுனையை என் கையில் கொடுத்தார்.

"நிறுத்தாம எதனா கேட்டுக்கினே இருங்க சார். உள்ள விஷக்காத்து இருந்தா தெரியாது. நான் பதில் சொல்லலன்னா நீங்க இறங்காதீங்க, இழுங்க."

இருட்டுக்குள் இறங்கினார். ஊரைக் கேட்டேன், பிள்ளைகளைக் கேட்டேன். பிரஷ் தேய்க்கும் சத்தத்தோடு பதில் வந்துகொண்டிருந்தது. கயிறு என் உள்ளங்கையில் மூச்சுவிடுவதுபோல் அசைந்தது. கேட்க வேறொன்றும் தோன்றாமல், "நேத்து என்ன மீனு வாங்குனீங்க, பாய்?" என்றேன்.

பதில் இல்லை. தேய்க்கும் சத்தமும் நின்றிருந்தது. கயிறு அசையவில்லை. இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தேன்.

"வுடுங்க சார், இடுப்பு அறுந்துடும்போல. சங்கராவா கானாங்கெளுத்தியான்னு யோசிச்சேன்."

வேலை முடிந்ததும் ஈரக் கயிற்றைச் சைக்கிளில் சுற்றினார். அடுத்தது பக்கத்துத் தெருவில், பிரான்சில் இருக்கும் ஒருவருடைய பூட்டிய வீடு. சாவி இவரிடம்தான்.

"அங்க மேல யாரு நிப்பா?" என்றேன்.

பெடலில் கால் வைத்தபடி சொன்னார்: "நானே கேட்டு நானே பதில் சொல்லிக்குவேன் சார்."